சத்துணவுக் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே ஒரு பாத்தி

பள்ளியில் சோறு போடுவது கல்விச் செலவா, தருமமா என்ற வழக்கு சென்னைக்குப் புதிதல்ல. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அந்த ஏற்பாடு 1925-இல் நின்றுபோனது. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சாப்பாட்டில் செலவழிக்கக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசு ஆட்சேபித்ததே காரணம். அந்த வழக்கில் தமிழ்நாடு பிறகு வென்றது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்து 2010-இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்த முட்டை, 2013-இல் ஜெயலலிதா கொண்டுவந்த கலவை சாதங்கள், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கி 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள் வரை விரிந்த காலை உணவு என்று வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் வைத்த தட்டில் அடுத்தவர் இன்னொன்றைக் கூட்டி வைத்தார். அரசியல் பகைகள் ஆழமான ஒரு மாநிலத்தில் இது சாதாரணமாக நடக்கிற காரியமல்ல.

ஆனால் அந்த வழக்கின் மறுபாதி இன்னும் விசாரணைக்கே வரவில்லை. சோறு பள்ளியில் கிடைக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். அந்தச் சோறும் ஒரு பாடம் என்பதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சத்துணவு மையம் சமூக நலத் துறையின் கீழ் இருக்கிறது, வகுப்பறை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருக்கிறது. ஒரே மதில் சுவருக்குள் இரண்டு பதிவேடுகள், இரண்டு மேலதிகாரிகள், இரண்டு ஆய்வுகள். சத்துணவு அமைப்பாளருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் இடையே நடக்கும் உரையாடல், பெரும்பாலும் இன்று எத்தனை தலை என்ற எண்ணிக்கையோடு முடிகிறது. தாம்பரம் மாநகராட்சிப் பகுதியிலும், அதை ஒட்டிய புனித தோமையார்மலை, காட்டாங்கொளத்தூர் ஒன்றியங்களிலும் இருக்கும் அரசுப் பள்ளிகளில் இந்த இரண்டு அறைகளையும் ஒரு சிறு காய்கறித் தோட்டம் சேர்த்துவைக்க முடியும் என்பதே என் வாதம். மரம் நடு விழாவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற தோட்டத்தைச் சொல்லவில்லை. கால அட்டவணையில் இடம் பிடித்த, தேர்வில் கேள்வி கேட்கிற, மதியச் சாப்பாட்டில் வந்து விழுகிற தோட்டத்தைச் சொல்கிறேன்.

இதற்கான தேவை எங்கிருந்து வருகிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. 2019–21-இல் அளக்கப்பட்ட அந்த வயதுப் பிள்ளைகள்தான் இன்று தொடக்கப் பள்ளி பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றும், 40.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்றும் சொல்கிறது. ஒரே மாநிலத்தில், பல நேரம் ஒரே வீட்டில், இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது போகவில்லை. 1956-இலோ 1982-இலோ பள்ளிச் சோறு எதிர்த்து நின்ற பசி வேறு, இன்று குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலும் இருக்கிற பசி வேறு. பள்ளி வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. தென்சென்னைப் புறநகரின் எந்தப் பள்ளி வாசலிலும் நாலு மணிக்கு நின்று பார்த்தால் அந்த விதி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரத்தசோகைக்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்டால் பட்டியல் நீளமானது. வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்க மாத்திரை, இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு, செறிவூட்டப்பட்ட அரிசி. இவற்றில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உப்பும் அரிசியும் பிள்ளைக்குத் தெரியாமலே பிள்ளையின் உடம்புக்குள் போகின்றன. மாத்திரையோ ஏன் என்று தெரியாமல் விழுங்கப்படுகிறது. பள்ளிப் படிப்பு முடிகிற அன்று பள்ளி வழியாக வருவது நின்றுவிடும். அதன் பிறகு அந்தப் பெண் என்ன வாங்குகிறாள், என்ன சமைக்கிறாள், எதை ருசி என்று நினைக்கிறாள் என்பதில்தான் மீதி இருக்கிறது. அந்த ருசி சிறு வயதிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. சத்துணவுப் பட்டியலில் கறிவேப்பிலை சாதமும் கீரை சாதமும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது வேறு, தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படாமல் வயிற்றுக்குள் போவது வேறு.

இந்த இடத்தில் தோட்டத்தின் மேல் தேவையற்ற நம்பிக்கை வைப்பவர்களை முதலில் தடுத்து நிறுத்த வேண்டும். தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது ஒன்றிய அரசின் மதிய உணவு அளவுகோல். 200 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளிக்கு நாளைக்குப் பத்து கிலோ. ஆண்டில் 200 நாள் என்று வைத்தாலும் இரண்டு டன். சேலையூரிலோ பம்மலிலோ ஒரு பள்ளி ஒதுக்கக்கூடிய இரண்டு சென்ட் நிலத்தில் இதில் ஒரு சிறு பங்குதான் விளையும். மீதி எப்போதும்போல மார்க்கெட்டிலிருந்துதான் வர வேண்டும். 2019-இல் ஒன்றிய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டபின், அந்தத் தோட்டங்களைச் சமையலறைக்குக் காய் அனுப்பும் நிலமாகவே பார்க்கிற பழக்கம் அதிகாரிகளிடம் வளர்ந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் முதல் ஆண்டுக் கணக்கிலேயே தோட்டம் தோற்றுப்போகும். 2025 மே மாதம் முதல் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கான சமையல் பொருள் செலவு 6.78 ரூபாய் என்று ஒன்றிய அரசு நிர்ணயித்திருக்கிறது. பருப்பு, எண்ணெய், காய்கறி, மசாலா, எரிபொருள் எல்லாம் இதற்குள். இந்தத் தொகையைக் கூட்டாமல், தோட்டம் இருக்கிறதே என்று கைகாட்டுவதற்குத் தோட்டம் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

அப்படியானால் தோட்டத்தால் என்ன பயன்? ஆய்வுகள் சொல்வதை நேர்மையாகப் படித்தால் விடை சுவையாக இருக்கிறது. முதலில் சோறு. தனிகா சக்ரவர்த்தியும் ராஜ்ஷ்ரீ ஜெயராமனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் ஐந்து ஆண்டுகள் வரை மதிய உணவு கிடைத்த பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்பில் 18 விழுக்காடும் கணக்கில் 9 விழுக்காடும் கூடுதல் மதிப்பெண் பெற்றதைக் காட்டியது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் பின்னாளில் பெற்ற குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்தது என்று 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. ஆகவே சோறு படிப்பைக் கெடுக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. தோட்டத்தின் கதை இவ்வளவு நேரானதல்ல. உலகக் காய்கறி மையம் நேபாளத்தில் செய்த முதல் ஆய்வில், பள்ளித் தோட்டம் வைத்த பிள்ளைகளுக்குக் காய்கறிகளைப் பற்றிய அறிவு கூடியது, விருப்பம்கூடக் கூடியது, ஆனால் அவர்கள் சாப்பிட்ட அளவு பெரிதாக மாறவில்லை. பிறகு பள்ளித் தோட்டத்தோடு வீட்டுத் தோட்டத்தையும் தாய்மார்களையும் சேர்த்தபோதுதான் தட்டில் மாற்றம் வந்தது. அமெரிக்காவின் டெக்சஸில் 16 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையில் தோட்டம், சமையல், ஊட்டச்சத்துப் பாடம் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சாப்பிடும் காய்கறி கூடியது, உடல் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ மாற்றம் இல்லை. தனியாக நிற்கிற தோட்டம் அறிவைத் தருகிறது. சமையலறையோடும் வீட்டோடும் சேர்ந்த தோட்டம் வாயைத் திறக்கவைக்கிறது. இந்த முடிவு தமிழ்நாட்டுக்குச் சாதகமானது. தோட்டத்தோடு சேர்க்க வேண்டிய சமையலறை நம் பள்ளிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதில் தினமும் அடுப்பு எரிகிறது.

படிப்புக்கு நேரம் போகுமே என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆறாம் வகுப்பு அறிவியலில் 'உடல் நலமும் சுகாதாரமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஊட்டச்சத்துகளும் அவை குறைந்தால் வரும் நோய்களும் அட்டவணையாக அங்கே இருக்கின்றன; பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். அதே நேரத்தில் முப்பதடி தள்ளி முருங்கைக்கீரை அடுப்பில் கொதிக்கிறது. இரண்டுக்கும் உறவு உண்டு என்று சொல்ல ஒரு பாடவேளைகூடக் கூடுதலாகத் தேவையில்லை, இருக்கிற பாடவேளையை வெளியே எடுத்துச் சென்றால் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளை பாத்தியின் சுற்றளவை அளப்பதும், பத்து விதையில் ஏழு முளைத்ததைப் பின்னமாக எழுதுவதும், கொத்தவரைச் செடியின் உயரத்தை வாரந்தோறும் வரைபடத்தில் குறிப்பதும் பாடத்திட்டத்துக்குள் இருக்கிற வேலைதான். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் புறநகர்ப் பள்ளிகளில் கூடிவருகிறார்கள். தமிழ் இன்னும் வாயில் வராத ஒரு பிள்ளைக்கு, கையால் தொட்டுச் சொல்லக்கூடிய சொற்கள் முதலில் கிடைப்பது பெரிய உதவி. ஜப்பான் 2005-இல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் இயற்றி, ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியையும் உருவாக்கியது. அங்கே பிள்ளைகளே பரிமாறிச் சாப்பிடும் மதிய வேளை பள்ளிப் படிப்பின் பகுதியாகவே கருதப்படுகிறது. நாம் சட்டம் வரை போக வேண்டாம், இரண்டு துறைகளின் கூட்டுச் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இனி, இந்த மண்ணில் மட்டுமே எழக்கூடிய ஆட்சேபம். 'மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?' இதை வறட்டு கௌரவம் என்று தள்ளிவிடுகிறவர்கள் தமிழ்நாட்டின் வரலாறு தெரியாதவர்கள். 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நிலமில்லாக் கூலிகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளியில் களை எடுப்பதைப் பார்த்தால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன தோன்றும் என்பதை மற்றவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 1937-இல் காந்தி வார்தாவில் முன்வைத்த கைத்தொழில் வழிக் கல்வியும் நல்லெண்ணத்தோடுதான் வந்தது. உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசுவது எளிது, அந்த உழைப்பு யார் தலையில் காலங்காலமாக விழுந்தது என்பதை மறந்துவிடுவது அதைவிட எளிது. எனவே இந்த ஆட்சேபத்துக்குப் பதில், விதிகளாக இருந்தாக வேண்டும். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேலை. ஆண், பெண் பிரிவினை கிடையாது. தோட்ட வேலை தண்டனையாகத் தரப்படாது. பாடவேளை முடிந்த பிறகு எந்தப் பிள்ளையும் தோட்டத்தில் நிற்கக் கூடாது. கழிவறை சுத்தம் செய்யப் பிள்ளைகளை ஏவிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அந்தப் பழக்கம் தோட்டத்தின் பெயரில் நுழைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். குலக்கல்வித் திட்டத்தில் பிள்ளையின் கை அப்பாவின் தொழிலைத் தேடிப் போனது. இங்கே வங்கி ஊழியரின் பிள்ளையும் கட்டடத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பாத்தியில் ஒரே கணக்கைப் போடுகிறார்கள். அதனால்தான் இது அரசுப் பள்ளிக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவும் கூடாது. மைதானம் முழுக்க பேவர் பிளாக் பதித்து, வாசலில் இரண்டு பூந்தொட்டி வைத்திருக்கும் தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

சாதி தோட்டத்துக்கு முன்பே சமையலறைக்குள் நுழைந்துவிட்டது என்பதும் உண்மை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்தது நாடு அறிந்த செய்தி. நகரத்தை ஒட்டிய பகுதியில் இப்படி நடக்காது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. சமையலரைப் பிள்ளைகள் இன்று கரண்டியோடு மட்டுமே பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை அவர் பாத்தி அருகே நின்று, கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளுவது எப்படி, எந்தக் கீரையை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அவர் ஓர் ஆசிரியர். ஆசிரியர் கையால் சாப்பிட மறுப்பது கொஞ்சம் கடினம்.

ஆசிரியர்களின் முறையீட்டை அலட்சியம் செய்ய முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' தகவல் தளத்தில் பதிவேற்றுவது, கணக்கெடுப்பு, பயிற்சி, தேர்தல் பணி என்று கற்பித்தல் அல்லாத வேலைகளின் மேல் தோட்டப் பதிவேடு ஒன்றையும் ஏற்றினால் அது முதல் பருவத்திலேயே காய்ந்துபோகும். படம் எடுத்து அனுப்பு என்று கேட்காமல் இருப்பதே துறை செய்யக்கூடிய முதல் நல்ல காரியம். சமையலருக்கும் உதவியாளருக்கும் கூடுதல் வேலை என்றால் கூடுதல் ஊதியம் வேண்டும். காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறவர்களிடம் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பது அநியாயம். தொழில்நுட்ப உதவிக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தோட்டக்கலைத் துறையிடம் நாற்று இருக்கிறது. 1937 முதல் கிழக்குத் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தாவரவியல் மாணவர்கள் வாரம் ஒரு மதியம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வந்தால் அவர்களுக்கும் அது படிப்புதான்.

நிலமும் நீரும் பற்றிய கவலைகளில் ஒன்று வேண்டிய அளவு பேசப்படவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணிப் பகுதி நெடுங்காலம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் இடம். குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் ஆலையிலிருந்து வந்தது. அங்கே நிலத்தடி நீரிலும் மண்ணிலும் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை பதிவுசெய்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில், மண் பரிசோதனை செய்யாமல் கீரை விதைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நன்மை செய்யப் போய்க் கேடு விளைவிப்பதாகிவிடும். ஆகவே முதல் செலவு விதைக்கல்ல, பரிசோதனைக்கு. சந்தேகம் உள்ள பள்ளிகளில் தரை மண்ணைத் தொடாமல் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை வளர்ப்புப் பைகளில் நிரப்பலாம். பரிசோதனை முடிவை ஒன்பதாம் வகுப்பு வேதியியல் பாடத்தில் வைத்துப் பேசலாம். தங்கள் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. கழிவுநீர் கலந்த ஏரிகளின் நீரைப் பாய்ச்சுவதும் கூடாது. செம்பாக்கமும் சிட்லபாக்கமும் ஒருகாலத்தில் வயலுக்கு நீர் கொடுத்த ஏரிகள்தான். 2015 டிசம்பரில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் உயர்த்திக் கட்டிய பாத்திதான் சரிவரும்.

கோடை விடுமுறையில் செடி வாடிவிடும் என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். பருவம் தெரிந்தால் அது அவ்வளவு பெரிய தடையல்ல. ஜூனில் பள்ளி திறக்கிறது, ஆடியில் விதைப்பு. சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில், வெண்டை ஏழெட்டு வாரத்துக்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே கைக்கு வந்துவிடும். மழை ஓய்ந்து தையில் இன்னொரு விதைப்பு. ஏப்ரல், மே மாதங்களுக்கு முருங்கையும் கறிவேப்பிலையும் பப்பாளியும் நின்றால் போதும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 முருங்கை நட்ட ஆண்டிலேயே காய்க்கும். விடுமுறையில் வாரம் இரண்டுமுறை தண்ணீர் ஊற்றுவதைப் பள்ளி மேலாண்மைக் குழு பார்த்துக்கொள்ள முடியும்; குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை.

மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் அறிவித்துவிடும் நம் வழக்கம் இதற்கு ஆகாது. தாம்பரம் மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களிலும் இரண்டிரண்டு பள்ளிகளில் வரும் ஆடியில் தொடங்கலாம். அதே அளவு பிள்ளைகள் சாப்பிடும், தோட்டம் இல்லாத பத்துப் பள்ளிகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். விளைந்த காயின் எடையை யாரும் கேட்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுகளிலிருந்து வழித்துப் போடும் மிச்ச வாளியைக் கீரை நாளிலும் காய்கறி நாளிலும் எடை போட்டால் போதும். அதையும் பிள்ளைகளே போட்டுக் கரும்பலகையில் எழுதட்டும். பிறகு அந்த வாளி உரக் குழிக்குப் போகட்டும். இரண்டு ஆண்டு கழித்து, தோட்டம் உள்ள பள்ளியிலும் இல்லாத பள்ளியிலும் வாளியின் எடை ஒன்றாகவே இருந்தால் தோட்டத்தை மூடிவிட்டு, அதற்கான பணத்தைச் சத்துணவின் காய்கறிச் செலவில் சேர்த்துவிடலாம்.